ஹெர்மீஸின் செருப்பில் பொன் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணக் கட்டுரையில், கிரேக்க நாட்டின் ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் நிற்கும், கிரேக்கக் கடவுள் ஹெர்மீஸின் சிலையை, "வண்ணத்தை வெறுத்த கிரேக்கர் வெண்பளிங்கில் கண்ட தூய அழகு" என்று வருணித்திருந்த வரியைப் படித்த பின் எழுதாமல் இருக்க இயலவில்லை. 1877ஆம் ஆண்டு மே மாதம் அங்குள்ள ஹீரா தேவி கோயிலின் இடிபாடுகளிலிருந்து ஜெர்மானிய அகழாய்வாளர்கள் இச்சிலையை மீட்டபோது அதன் தலைமுடியில் செம்பழுப்பு நிறம் ஒட்டியிருந்ததும், பின்னர் கிடைத்த பாதத்தின் செருப்பு வாரில் பொன்பூச்சின் தடம் தெரிந்ததும் தாங்கள் அறியாதவை அல்ல. வண்ணத்தை வெறுத்தவர்கள் பொன்னை மட்டும் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அச்சிலையின் முன் ஒரு முற்பகல் முழுவதும் நின்றவன் நான். கன்னமும் மார்பும் பார்வை வழுக்கிவிழும் அளவுக்கு மெருகேற்றப்பட்டிருக்க, முடிச்சுருள்கள் மட்டும், வண்ணம் ஒட்டிக்கொள்வதற்காக இருக்கலாம், சொரசொரவென்று விடப்பட்டிருக்கின்றன. பின்னால் சென்று பார்த்தால் முதுகில் உளித்தடங்கள்கூட அப்படியே தெரிகின்றன. கட்டுரையாளர் முன்பக்கத்தோடு திரும்பிவிட்டார் போலும். வெளியே பேருந்து காத்திருந்ததோ என்னவோ.

இது முதல் தடவை என்றால் பொறுத்திருப்பேன். குழந்தைக் கடவுள் டயோனிசஸ் அமர்ந்திருப்பது ஹெர்மீஸின் இடக்கையில், உடைந்துபோனது வலக்கை. முன்பொரு முறை தங்கள் இதழ் படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டு, இருக்கும் கையை உடைத்து, இல்லாத கையில் குழந்தையைக் கொடுத்தது. பிறகொரு முறை சிலை பெர்லினில் இருப்பதாக எழுதினீர்கள். தோண்டியெடுப்பவை கிரேக்க மண்ணிலேயே தங்க வேண்டும் என்று 1874ஆம் ஆண்டிலேயே இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்க, அகழ்ந்தவர்களே செய்யாத இடமாற்றத்தைத் தங்கள் அச்சகம் ஒரே வரியில் செய்து முடித்தது. இரண்டு முறையும் கடிதம் எழுதினேன். இரண்டும் தங்கள் மேசையை அடைந்திருக்காது என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பழங்காலக் கிரேக்கப் பயணி பாசேனியஸ் தம் பயண நூலில் சிற்பி பிராக்சிடெலீஸின் படைப்பு என்று குறித்தது இச்சிலையைத்தானா, இது பிற்காலத்தவர் வடித்ததா என்று அறிஞர்கள் வழக்காடி வருவதையெல்லாம் வெளியிடும்படி நான் கேட்கவில்லை. அடுத்த இதழின் ஏதேனும் ஒரு மூலையில், இச்சிலைக்கு வண்ணம் பூசப்பட்டிருந்தது என்று ஒரே ஒரு வரி போதும். படமும் போடுவதாக இருந்தால், அருள்கூர்ந்து குழந்தையை இடக்கையிலேயே விட்டுவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்