ஓவர்சியர் பாப்பாவுக்கு

வத்தலக்குண்டு
மாசி 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை 180-ல் வந்து நிற்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். கிணற்று மோட்டார் மறுபடி தகராறு. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

உன் செய்தி வந்து பதினோரு நாள் ஆகிறது. அதற்கு முன்னால் ஆறு வாரம் ஒன்றும் வரவில்லை. நான் எண்ணவில்லை, அம்மாதான் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்னால் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். வேலை அதிகமாக இருக்கும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். வேலை அதிகம்தானே?

ஏப்ரலில் மலைப் பாதையைப் பராமரிக்கிற உங்கள் டிரெயில் ஆட்களுக்கு நன்றி சொல்லும் விருந்து இருக்கிறது, நீங்கள் நேரில் வந்து பார்த்தவர், நாலு வரி எழுதிக் கொடுங்கள், இங்கிலீஷில் மாற்றிப் படிக்கிறேன் என்று கேட்டிருந்தாய். நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தாயிற்று. முதலில் எழுதியதை அம்மாவிடம் காட்டினேன். ‘மேற்படி தன்னார்வலர்களின் பணி பாராட்டுதலுக்குரியது’ என்று ஆரம்பித்திருந்தேன். யாரையோ ரிட்டையர்மெண்ட் பண்ணி அனுப்புகிற மாதிரி இருக்கிறது என்றாள். முப்பத்து மூன்று வருஷத்தில் மெமோ எழுதியிருக்கிறேன், மெமோவுக்கு விளக்கம் எழுதியிருக்கிறேன், மண் சரிவுக்கு மதிப்பீடு எழுதியிருக்கிறேன். நன்றி என்று ஒரு வரி எழுதின ஞாபகம் இல்லை.

அதனால் பார்த்ததை எழுதுகிறேன். வேண்டியதை நீ எடுத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் சங்கத்தில் பாதையைப் பராமரிக்கிறவருக்கு ‘ஓவர்சியர்’ என்றுதான் பெயர் என்று நீ சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். கேலி என்று நினைத்து நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கேலி இல்லை பாப்பா. நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஊர் என்னை ஓவர்சியர் என்றுதான் கூப்பிடுகிறது. இன்றைக்கும் டீக்கடையில் ‘ஓவர்சியர் சாருக்குச் சர்க்கரை கம்மி’ என்றுதான் சொல்கிறார்கள். என் பெண் ஏழு கடல் தாண்டிப் போய், சம்பளமே இல்லாத ஓவர்சியர் ஆகியிருக்கிறாள் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், என்ஜினியரிங் படித்துவிட்டு வடிகால் வாரவா அமெரிக்கா போனாய் என்று போனில் கேட்டதும் நான்தான். மறக்கவில்லை.

போன ஐப்பசியில் ஃபிரண்ட் ராயல் ஊர் வழியாக மலையேறினோமே, அந்த ஸ்கைலைன் டிரைவ் மலை ரோட்டின் கல்சுவரைப் பார்க்க நீ இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினாய். 1930-களில் வேலையில்லாத இளைஞர்களைச் சேர்த்து அரசாங்கம் கட்டவைத்த சுவர் என்றாய். நல்ல வேலை. நம்ம கொடைக்கானல் ரோட்டில் ஊத்துக்கு மேலே நாங்கள் கட்டின தடுப்புச் சுவரில் பாதிகூட அவ்வளவு நாள் நிற்கவில்லை. ஆனால் சுவரைவிட என்னை அசத்தியது நீ பராமரிக்கிற ஒன்றரை மைல் பாதைதான். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலம், சுமார் 3,500 கிலோமீட்டர் போகிற அப்பலாச்சியன் நடைபாதையில் அது ஒரு துண்டு. நம்ம ஊர்க் கணக்கில் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகும் 44-ஆம் நம்பர் ரோட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. 1921-ல் ஒருவர் யோசனை சொல்ல, 1937-ல் முழுப் பாதையும் இணைந்துவிட்டது என்றாய். உன் பொட்டோமேக் சங்கம் 1927-லேயே தொடங்கியதாம். இப்போது சுமார் 30 சங்கங்கள் ஆளுக்கொரு நீளம் பிரித்துக்கொண்டு பார்க்கிறார்கள். இதைக் கேட்டபோது, இவ்வளவுக்கும் சம்பளப் பட்டியல் யார் போடுகிறார்கள் என்று கேட்டேன். பெரும்பாலும் கிடையாது அப்பா, பெட்ரோல்கூட அவங்கவங்க காசு என்றாய். நான் நம்பவில்லை. அன்று சாயங்காலம் வரை நம்பவில்லை.

அன்றைக்கு வந்தவர்களில் உன்னைத் தவிர அறுபதுக்குக் கீழே யாரும் இல்லை. வெள்ளைத் தாடிக்காரர் முழங்காலுக்குப் பட்டை கட்டியிருந்தார், காதில் மெஷின். சிவப்புத் தொப்பி அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். முதுகில் சோற்றுப் பையும் தண்ணீரும், கையில் புலாஸ்கி. ஒரு பக்கம் கோடரி, மறு பக்கம் களைக்கொத்து. இதை ஏன் நமக்கு யாரும் கொடுக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. எங்கள் கேங் ஆட்கள் பிக்காசு ஒரு கையிலும் அரிவாள் ஒரு கையிலுமாக ஏறுவார்கள்.

பாதையை மறித்து ஒரு பட்ட மரம் கிடந்தது. ஆஷ் மரம், ஆசியாவிலிருந்து போன பச்சை வண்டு அரித்துக் கொன்றது என்றாய். அந்தப் பகுதி எஞ்சின் ரம்பம் கூடாத காடு என்பதால் நீயும் தாடிக்காரரும் ஆளுக்கொரு முனையில் அந்த நீள ரம்பத்தைப் பிடித்தீர்கள். அதற்கும் பரீட்சை வைத்து சர்டிபிகேட் கொடுக்கிறார்களாம். ‘இழு, தள்ளாதே’ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நீ தலையில் ஹெல்மெட்டோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தாய். சைக்கிள் பழகும்போது நாக்கைக் கடிப்பாயே, அதே மாதிரி. நாற்பது நிமிஷம் ஆயிற்று. நான் பாறையில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தேன், வேறென்ன செய்வது.

அப்புறம் இறக்கத்தில் தண்ணீர்த் தடுப்புகளைச் சுத்தம் செய்தீர்கள். மண்ணில் பாதி புதைந்த கட்டைகள், பாதைக்குக் குறுக்கே. இலை விழுந்து அடைத்திருந்தது. சிவப்புத் தொப்பி அம்மா மண்வெட்டியால் இழுத்து இழுத்து வாய்க்காலைத் திறந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சின்ன முனகல். மூன்று தடுப்புகளும் சரியான சாய்வில் இருந்தன. நாலாவது தடுப்பு கிட்டத்தட்ட நேர்குறுக்காக இருந்தது. நேராக வைத்தால் தண்ணீர் அங்கேயே நின்று மண்ணைப் படிய விட்டுவிடும், இரண்டு மழையில் மேடு தட்டிப்போகும். சாய்த்து வைத்தால் தண்ணீரே மண்ணையும் தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விடும். எனக்குப் பொறுக்கவில்லை. கையால் காட்டினேன். தாடிக்காரர் என்னையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கடப்பாரையை என் கையில் கொடுத்தார். ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் கழித்துக் கடப்பாரை பிடித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை, என் முதுகுவலிக்கு விமானப் பயணம்தான் காரணம் என்று இன்னும் நம்புகிறாள்.

உண்ணியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பேண்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள். வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால் பார். லைம் காய்ச்சல் விளையாட்டில்லை என்று நீயே சொன்னாய். வெயில் ஏற ஏற அது அதிகம் என்றும் சொன்னாய். தனியாக இருக்கிறவள் முதுகை யார் பார்ப்பார்கள்? கண்ணாடி வைத்துப் பார்.

திண்டுக்கல் சித்தப்பா பொங்கலுக்கு வந்திருந்தார். அதே கேள்வி. பாப்பாவுக்கு வேலை, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நீ என்ன முடிவெடுத்தாலும் சரி. நான் அதைக் கேட்கவில்லை. சனிக்கிழமை காட்டுக்குப் போக நேரம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் போனில் பேச நேரமில்லையா என்று மட்டும்தான் கேட்கிறேன். சரி, அதையும் கேட்கவில்லை. சாக்ஸ் மறக்காதே.

எங்கள் கேங் மேஸ்திரியை உனக்கு ஞாபகம் இருக்கும், மொட்டை மேஸ்திரி, உனக்குக் காட்டு நெல்லிக்காய் கொண்டுவருவாரே. ஒரு ஐப்பசி மழையில் பண்ணைக்காட்டுப் பக்கம் ரோடு அடைத்துக்கொண்டது. ராத்திரி பதினொரு மணியிலிருந்து விடிய விடிய கால்வாய் வாரினார், ஐந்து பேரோடு. காலையில் முதல் பஸ் போயிற்று. நான் ரெஜிஸ்டரில் ‘போக்குவரத்து சீர் செய்யப்பட்டது’ என்று எழுதினேன். யார் செய்தார்கள் என்று எழுதவில்லை. எழுத அங்கே கட்டமும் இல்லை. அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. உன் தாடிக்காரர் கடப்பாரையைக் கொடுத்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

இதைத் தபாலில் அனுப்புகிறேன். வாட்ஸப் என்றால் பக்கத்து வீட்டுப் பையனிடம்தான் படம் எடுக்கக் கொடுக்க வேண்டும். அவன் படிப்பான். அம்மாவும் படிப்பாள்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது நீ தாடிக்காரரோடு தண்ணீர் பிடிக்க ஓடைக்குப் போனாய். சிவப்புத் தொப்பி அம்மா தன் ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாகப் பேசினார். உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், அந்தப் பச்சைப் பெட்டி எவ்வளவு கனம் தெரியுமா என்று சிரித்தார். பனி கொட்டிக்கொண்டிருந்ததாம், தன் வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்ததாம், மூன்று வாரம் அவர் வீட்டு மாடியிலேயே இருந்ததாம். எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பேசினார். நான் தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அந்தப் பெட்டியின் கனம் எனக்குத் தெரியாதா? மதுரையில் வாங்கி, கயிறு கட்டினது நான்.

என்றைக்கு என்று கேட்டேன். மாதத்தைச் சொன்னார். எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ கூப்பிட்டபோது இங்கே ராத்திரி இரண்டு மணி. உனக்குச் சாயங்காலம்கூட ஆகியிருக்காது. ‘அப்பா, இங்க இருக்க முடியலை’ என்றாய். காலையில் பேசிக்கலாம் பாப்பா, அம்மா தூங்குகிறாள் என்றேன். வைத்துவிட்டு போனை அணைத்தேன். நீ மறுபடி கூப்பிடுவாய் என்று தெரிந்துதான் அணைத்தேன். யார் என்று அம்மா தூக்கத்தில் கேட்டாள். ராங் நம்பர் என்றேன். காலையிலும் நான் கூப்பிடவில்லை. சாயங்காலம்தான் கூப்பிட்டேன். ஒன்றுமில்லப்பா என்றாய். ஒன்றுமில்லை என்று நீ சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

முப்பத்து மூன்று வருஷத்தில், மலையில் மண் சரிந்துவிட்டது என்று ராத்திரி போன் வந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒரு தடவையும் சொன்னதில்லை பாப்பா. லுங்கியோடு ஜீப்பில் ஏறியிருக்கிறேன்.

அந்த அம்மா எழுந்துபோய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். ஒரு தேங்க்ஸ் சொல்லியிருக்கலாம். அவ்வளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். சொன்னால் எதற்கு என்று அவர் கேட்பாரோ என்று பயம். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ வந்து, ஏன்ப்பா சாப்பிடலை, பிடிக்கலையா என்றாய்.

நாலு வரி கேட்டாய். இந்தா:

நான் கொடைக்கானல் மலை ரோட்டில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவன். உங்கள் வடிகால் வேலை சுத்தமாக இருக்கிறது, பாதையில் எங்கும் தண்ணீர் நிற்கவில்லை. கடப்பாரையைக் கொடுத்தவருக்கு நன்றி. பெட்டியைத் தூக்கியவருக்கு நன்றி.

கடைசி வரியைப் படிப்பதும் விடுவதும் உன் இஷ்டம். படிக்காவிட்டால் அந்த அம்மாவிடம் தனியாகவாவது சொல். கைமுறுக்கு ஒரு கிலோ கட்டி வைத்திருக்கிறோம், மேலத் தெருப் பையன் பங்குனிக் கடைசியில் கிளம்புகிறான். தாடிக்காரர் முழங்காலுக்குத் தைலமும் வைத்திருக்கிறேன். சூடு பண்ணித் தேய்க்கச் சொல், அப்படியே தேய்த்தால் பலிக்காது.

அந்த நாலாவது தடுப்பை நான் பொழுது சாய்கிற நேரத்தில் அவசரமாகத்தான் திருப்பி வைத்தேன், கீழ்முனையில் கல் சரியாக அண்டக் கொடுக்கவில்லை. பனி உருகின தண்ணீருக்கு அது நின்றதா, புரண்டுவிட்டதா என்று அடுத்த தடவை போகும்போது பார்த்துச் சொல். எந்த நேரமானாலும் சரி.

அப்பா