கோச்சுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாவட்டக் கால்பந்து லீக்கில் நம்ம கிளப்புக்கு நான்காவது இடம். கோப்பை கிடையாது, மேளதாளம் கிடையாது. இதற்கெல்லாமா நன்றி மடல் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். போன வருடம் நாம் கடைசி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோச்சை மாற்ற வேண்டும் என்று கமிட்டியில் முதலில் வாய் திறந்தவன் நான்தான். சீனியர்கள் ஐந்து பேர் வேலை தேடி ஓசூர், திருப்பூர் என்று கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் மூன்று பேரை கோச் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பதினாறு பதினேழு வயசுப் பையன்களை இறக்கினார். கோல்கீப்பர் பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாதாம், பின்னால் நின்று தடுக்கிற பேக்குக்குத் தரையோடு கொடுக்க வேண்டுமாம். கீப்பர் கொடுத்தான், பேக் அதை எதிரணி ஃபார்வர்டுக்கே கொடுத்தான். முதல் ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி. அதில் ஒன்றில் ஏழு கோல் வாங்கினோம். அன்று காந்தி ஸ்டேடியத்தில் வண்டியை எடுக்கும்போது ஹெல்மெட்டை முதலிலேயே மாட்டிக்கொண்டேன், யாரும் அடையாளம் கண்டு பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று.

அந்த வாரக் கூட்டத்தில் என்னை நிறுத்தியவர் நம் லெஃப்ட் பேக்கின் அப்பா. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறவர். பையனைக் கூட்டிப்போக வந்து ஓரமாக நின்றிருந்தார். "பாவு பூட்டுன அன்னைக்கே வேட்டி கேட்டா எப்படிங்க?" என்றார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் பூட்டும் நூல். உங்களுக்கு கால்பந்து தெரியாது என்றேன். "தெரியாதுங்க. இழை அறுந்தா முடிச்சுப் போட்டு ஓட்டுவோம், தறிய மாத்த மாட்டோம், அதான் தெரியும்" என்றார். ஐயா, அன்று டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனதற்கு மன்னித்துவிடுங்கள். உங்களுக்கு என் முதல் நன்றி.

அடுத்து நம் பழைய கேப்டன். அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் கதையை எடுத்தார். வெறுங்காலோடு பலர் ஆடிய இந்திய அணி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. கோச் சையத் அப்துல் ரஹீம். 1956 மெல்போர்னுக்கும் அவரைத்தான் அனுப்பினார்கள். நான்காம் இடம் வந்தது. 1962 ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். நானும் விடவில்லை. ரஹீம் 1951லேயே ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிக் காட்டியவர், நம்ம ஆள் எதைக் காட்டினார் என்று கேட்டேன். கோச் ஃபெர்குசன் 1986ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்குப் போய் 1990 வரை கோப்பையே இல்லை என்றார் கேப்டன். ஃபெர்குசனும் ஸ்காட்லாந்தில் ஜெயித்துவிட்டுப் போனவர்தானே என்றேன். கேப்டன் சலித்துப்போய், "சரிப்பா, வாதத்துல நீ ஜெயிச்ச. சீசன் முடியட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்று அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

ஏற்காட்டு எஸ்டேட் மேஸ்திரி அண்ணனை மறக்க முடியாது. ஜூன் மாதம் மூன்று நாள் பையன்களை மேலே கூட்டிப்போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் பாதிப் பேர் வாந்தி. மைதானம் கிடைக்கவில்லை. காப்பிக்கொட்டை காயவைக்கும் சிமென்ட் களம் பழம் பறிக்கும் காலம் வரை சும்மாதான் கிடக்கும், அதில் ஆடிக்கொள்ளுங்கள் என்று அண்ணன் திறந்துவிட்டார். மழையில் நனைந்த சிமென்ட். பந்து எங்கேயும் நிற்காது, வழுக்கிக்கொண்டே ஓடும். ஓங்கி உதைத்தால் பந்து காப்பிச் செடிக்குள் போய்விடும், பிறகு அட்டைக்கடியோடு தேட வேண்டும். பையன்கள் தானாகவே மெதுவாகத் தட்டிக் கொடுக்கப் பழகினார்கள். கோச் ஆறு மாதம் கத்திச் சொன்னதை அட்டை மூன்றே நாளில் சொல்லிக் கொடுத்தது. அண்ணா, நாங்கள் உடைத்த உங்கள் வாளிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். அடுத்த முறை வாளியே வாங்கி வருகிறோம்.

பெஞ்சில் உட்கார்ந்த மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வேறு கிளப்பில் கூப்பிட்டார்கள், போயிருக்கலாம். போகவில்லை. அதில் ஒருவன் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. இரவெல்லாம் பொடி வைத்துப் பற்றவைத்துவிட்டு, காலை ஐந்தரைக்கு வந்து, தன் இடத்தைப் பிடித்துக்கொண்ட பையனுக்கே தலையால் முட்டுவதற்குப் பந்து தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள், "கோபம் இல்லையாடா?" என்று கேட்டேன். "இருக்குண்ணா" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

கோச் சார், வந்த முதல் நாளே இரண்டு சீசன் வேண்டும் என்று கேட்டீர்கள். நாங்களும் காது கொடுக்காமலே தலையாட்டினோம். இப்போது கேட்டுக்கொண்டோம்.

நன்றி மடலில் கை நீட்டக் கூடாதுதான். இருந்தாலும், கீப்பர் க்ளவுஸ் இரண்டு ஜோடியும் கிழிந்துவிட்டன. யாராவது வாங்கித் தருவதானால், சைஸ் ஒன்பது.

இப்படிக்கு,
கிளப் செயலாளர்,
சேலம்