ஹோம் பேஜ் திறந்தால் தளம் சரியாகிவிட்டது என்று எழுதாதீர்கள்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

விடயம்: சேர்வர் மாற்றிய நாளிலிருந்து உள்பக்கங்கள் எல்லாம் 404

வணக்கம். இது நான் எழுதும் ஏழாவது மெயில். முதல் ஆறிலும் இடையில் என்ன எழுதினாலும் கடைசிப் பதில் "உங்கள் டிக்கெட் மூடப்பட்டது" என்பதுதான், அதாவது என் முறைப்பாடு முடிந்துவிட்டதாம். இந்த முறையாவது யாராவது ஒருவர் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள், தயவுசெய்து.

நான் மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையில் கணிதம் படிப்பிக்கிறேன். என் தளத்தில் இருப்பது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கான பாடக் குறிப்பும் பழைய வினாத்தாள்களுக்குச் செய்து காட்டிய விடைகளும்தான். விளம்பரம் கிடையாது, ஒரு சதம் வருமானம் கிடையாது. மூன்று வருடமாக, தளத்தை உங்கள் சேர்வரில் வைத்திருப்பதற்கான கட்டணத்தை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் என் சம்பளத்தில் இருந்து கட்டி வருகிறேன். 23 நாளுக்கு முன்னால் நீங்கள் சேர்வரை மாற்றினீர்கள், எனக்கு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அன்று இரவிலிருந்து ஹோம் பேஜ் மட்டும் வருகிறது. எந்தப் பாடத்தைத் தொட்டாலும் வெள்ளைப் பக்கத்தில் "404 நொட் ஃபவுண்ட்", அப்படி ஒரு பக்கமே இல்லையாம்.

இதை நான் போனில் சொன்னபோது உங்கள் ஆள் ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? "தோட்டப் பக்கம் சிக்னல் அப்படித்தான், ஒரு டவுனுக்குப் போய்த் திறந்து பாருங்கள்." அந்த வசனம் இன்றுவரை என் காதை விட்டுப் போகவில்லை. சிக்னல் இல்லையென்றால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும், அல்லது இணைப்பு இல்லை என்று பிரவுசர் சொல்லும். 404 என்பது உங்கள் சேர்வர் எனக்கு அனுப்பிய பதில். கேள்வி மலையிலிருந்து கொழும்பு வரைக்கும் ஒழுங்காக வந்து சேர்ந்ததால்தானே அந்தப் பதிலே திரும்பி வந்தது! சேர்வர் விற்கும் கம்பனியில் வேலை செய்பவருக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? அதோடு விடவில்லை. "லிங்க் அழகாக வேணும் என்றால் பெரிய பேக்கேஜ் எடுங்கள், இதெல்லாம் தெரியாதவர்கள் ஏன் சைட் வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வருகிற 404 என் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் காட்டும் 404 இல்லை. அதுவாக இருந்தால் மேலே என் தளத்தின் பெயரும் மெனுவும் வரும். இது சேர்வரே நேரடியாகக் காட்டும் மொட்டைப் பக்கம், அதாவது கேள்வி வேர்ட்பிரஸ் வரைக்கும் போகவே இல்லை, வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. அந்த லிங்கில் இருக்கும் பெயருக்கு நிஜமான ஒரு ஃபோல்டரோ ஃபைலோ சேர்வரில் கிடையாது, அதை வேர்ட்பிரஸின் வாசலான இன்டெக்ஸ் டொட் பிஎச்பி பக்கம் திருப்பிவிடுவது, என் ஃபோல்டரில் சேர்வருக்கென்று எழுதி வைத்திருக்கும் டொட் எச்டிஅக்சஸ் ஃபைலின் ரீரைட் விதிகள். அந்த ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஒரு எழுத்தும் மாறவில்லை, மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லித் திறந்து பார்த்தேன். வேர்ட்பிரஸில் லிங்கின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பெர்மாலிங்க் பக்கத்துக்குப் போய் மறுபடி சேவ் பண்ணியும் பார்த்தேன். உங்கள் இன்னொரு ஆள் "லிங்கில் தமிழ் எழுத்து இருக்கிறது, அதுதான் பிரச்சினை" என்றார். ஆங்கிலப் பெயரில் ஒரு வெற்றுப் பக்கம் செய்து பார்த்தேன், அதற்கும் அதே 404. மூன்று வருடமாகப் பழைய சேர்வரில் தமிழ் லிங்க் ஓடியதை அவருக்கு யார் சொல்வது?

கடைசியில் அந்த ஃபைலின் முதல் வரியில் வேண்டுமென்றே அர்த்தமில்லாத ஒரு சொல்லை எழுதி சேவ் பண்ணினேன். சேர்வர் அந்த ஃபைலை வாசிக்கிறது என்றால் உடனே 500 என்ற சேர்வர் பிழை வந்து முழுத் தளமும் விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை, ஹோம் பேஜ் எப்போதும் போலத் திறந்தது. அப்படியென்றால் உங்கள் புதிய சேர்வர் என் ஃபைலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்பாச்சி 2.4 என்ற சேர்வர் மென்பொருளில், எச்டிஅக்சஸை அனுமதிக்கும் 'அலவ் ஓவர்ரைட்' என்பதை யாரும் எழுதாமல் விட்டால் அது 'நன்' (None), அதாவது எதையும் அனுமதிக்காதே என்றுதான் இருக்கும், சேர்வரை மாற்றியவர் அதைப் போட மறந்திருக்கிறார். இல்லையென்றால் நீங்கள் என்ஜின்எக்ஸ் என்ற வேறு சேர்வர் மென்பொருளுக்கு மாறியிருக்கிறீர்கள், அது எச்டிஅக்சஸை எந்தக் காலத்திலும் வாசிக்காது, விதியை உங்கள் சேர்வரின் கொன்ஃபிக் ஃபைலில்தான் எழுத வேண்டும். இரண்டில் எது என்றாலும் அது உங்கள் கையில் இருக்கிற வேலை, நீங்கள் எனக்குத் தந்திருக்கும் கட்டுப்பாட்டுப் பெனலில் அதற்கு இடமே இல்லை. இதை நான்காவது மெயிலில் படத்தோடு எழுதினேன். வந்த பதில்: பிரவுசர் கேச்சை அழியுங்கள்.

அப்புறம் அந்தக் கொழும்புப் பயணம். போனில் ஆகவில்லை, நேரில் போனால் முகத்தைப் பார்த்தாவது செய்வார்கள் என்று லீவு போட்டு வந்தேன். விடிய மூன்று மணிக்கு எழும்பி ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று வளைந்து வளைந்து இறங்கி, புறக்கோட்டையில் கால் வைக்கும்போது பத்தரை தாண்டிவிட்டது. உங்கள் ஆபீஸில் இரண்டு மணி நேரம் கதிரையில் உட்கார வைத்தீர்கள். பிறகு வந்த பிள்ளை "டெக்னிகல் டீம் இங்கே இல்லை சேர், ஒன்லைனில் டிக்கெட் போடுங்கள்" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதை வாசலிலேயே ஒருவர் சொல்லியிருக்கலாம். வீடு வந்து சேர இரவு பதினொன்று. எங்கள் ஊரில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை, போனால் வீட்டுக் கணக்கே ஆட்டம் காணும், உங்களுக்கு அது புரியுமோ தெரியாது.

ஐந்தாவது மெயிலுக்கு ஒருவர் என்னைக் கேட்காமலே உள்ளே போய் பெர்மாலிங்கை 'பிளெயின்' என்று மாற்றிவிட்டு "தீர்க்கப்பட்டது" என்று எழுதியிருந்தார். எது தீர்ந்தது? பக்கம் இப்போது கேள்விக்குறியும் 'பி'யும் 312 என்ற நம்பருமாகத் திறக்கிறது, ஆனால் பிள்ளைகளிடம் இருப்பது பழைய லிங்க். வீட்டில் ஒரே ஒரு போன்தான், வட்ஸ்அப்பில் அனுப்பினால் மற்ற மெசேஜுக்குள் மூழ்கிவிடும் என்று ஒவ்வொரு பாடத்தின் லிங்கையும் துண்டுத் தாளில் அச்சடித்து 140 பிள்ளைகளின் கொப்பி அட்டைக்குள் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் துண்டுகள் எல்லாம் இப்போது செத்துவிட்டன.

தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்து வரும் ஒரு பிள்ளை போன கிழமை கொப்பியைக் கொண்டுவந்து காட்டியது. முக்கோணப் பாடத்தின் லிங்கை அந்தத் துண்டைப் பார்த்துப் பார்த்து பென்சிலால் நாலு தடவை எழுதி, நாலு தடவையும் அழித்து எழுதியிருக்கிறது, தாள் தேய்ந்து பின்பக்கம் தெரிகிறது. "நான்தான் எழுத்துப் பிழை விட்டுட்டேனோன்னு நினைச்சேன் சேர்" என்றது. அம்மா ரீலோட் பண்ணிக் கொடுத்த டேட்டாவும் அதிலேயே முடிந்துவிட்டது. மழையில் மலையேறிக் கொழுந்து பறித்த காசு அது. உங்கள் ஆள் ஒரு வரி எழுத மறந்ததற்கு அந்தப் பிள்ளை தன்னைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பரீட்சைக்கு ஏழு வாரம் இருக்கிறது. ஒரு தோட்டத்துப் பிள்ளைகளின் வருங்காலத்தையே நீங்கள் நாசமாக்கிவிட்டீர்கள், இதைவிடக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு என்மேல் எந்தப் பகையும் இல்லை என்று தெரியும், எனக்கும் சண்டை பிடிக்க ஆசையில்லை. வேலை தெரிந்த ஒருவரை என் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், என் ஃபோல்டருக்கு எச்டிஅக்சஸை அனுமதிக்கச் சொல்லுங்கள், அல்லது அந்த விதிகளை சேர்வரிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டு ஹோம் பேஜை அல்ல, முக்கோணப் பாடத்தைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் பதில் போடச் சொல்லுங்கள். போன 23 நாளுக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சிக்னலைப் பற்றிப் பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், போனில் கேட்டால் போதும்.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இது நடக்காவிட்டால் 1977க்கு அழைத்து நுகர்வோர் விவகார அதிகார சபையில் முறையிடுவேன். ஏழு மெயிலும், நீங்கள் மூடிய டிக்கெட்டுகளும், பஸ் டிக்கெட்டும் பத்திரமாக இருக்கின்றன. என் டொமைனையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவேன், எங்கள் பக்கத்துப் பாடசாலைகள் எதற்கும் உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன்.

சனி, ஞாயிறு என்றாலும் போனில் இருப்பேன். சாயந்தரம் நாலு மணிக்குப் பிறகு எடுங்கள், அதற்கு முன் வகுப்பு.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பொகவந்தலாவை