கீல் எங்கே போகிறது?

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அன்றைக்குப் போனில் நீங்கள் கேட்டதற்கு நான் உளறிவிட்டேன். கவிழாமல் நிற்க அடியில் கனம் வேண்டுமே, அதோடு எப்படிப் படகைக் காருக்குப் பின்னால் கட்டி ரோட்டில் இழுக்கிறாய் என்றீர்கள். எழுதினால்தான் புரியும்.

நான் வாங்கியது கேடலினா 22 என்ற சின்னப் பாய்மரப் படகு, ஃபிராங்க் பட்லர் என்பவர் வடிவமைத்து 1969இல் வந்த மாடல். நீளம் 21.5 அடி, அகலம் 8 அடிக்குள். அமெரிக்காவில் தனி அனுமதி இல்லாமல் நெடுஞ்சாலையில் எட்டரை அடி அகலம்வரை போகலாம், அதற்குள் அடங்கிவிடுகிறது.

கனம் என்பது அடியில் தொங்கும் இரும்புத் தகடு, கீல் என்பார்கள். சுமார் 250 கிலோ. மடக்குக் கத்தி மாதிரி முன்பக்கம் ஆணியில் மாட்டியிருக்கும். உள்ளே உட்கார்ந்து வின்ச்சை, அதாவது கைப்பிடி போட்ட உருளையை, சுற்றினால் வயர் அதைப் பின்னோக்கி மேலே இழுக்கும். இறக்கினால் படகுக்கு 5 அடி ஆழம் தேவை, ஏற்றினால் 2 அடி போதும். அதனால்தான் டிரெய்லரில் உட்காருகிறது, கரையோரம்வரை வருகிறது. பாய் விரிக்கும்போது மட்டும் கீழேதான் இருக்க வேண்டும். அதைப் பூட்ட ஒரு போல்ட் உண்டு. பூட்டினால், தரை தட்டும்போது தானாக மடங்காது; பூட்டாவிட்டால், படகு புரண்டால் உள்ளே மடங்கிவிடும். நான் ஆழத்தில் பூட்டுகிறேன், கரை நெருங்கினால் கழற்றுகிறேன்.

பாய்மரத்தை நிறுத்துவதுதான் பெரும்பாடு. மரத்தின் அடியில் கதவுக்கு இருப்பது மாதிரி மடங்கும் மூட்டு இருக்கிறது, ஆனாலும் இரண்டு பேர் வேண்டும். முதலில் தலைக்குமேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அலுமினிய மரம் அல்லவா!

கேபினில் ஐந்து பேர் படுக்கலாம் என்பார்கள். சண்டை வராமல் என்றால் இரண்டு பேர். கூரையின் ஒரு பகுதியைத் தூக்கி நிறுத்தினால் நிமிர்ந்து நிற்கலாம், மற்ற நேரம் கூனல்தான்.

அப்புறம் ஒன்று. காற்று ஏறி வேகம் பிடித்ததும் அடியிலிருந்து "ம்ம்ம்" என்று முனகல் வந்தது. ஏதோ உடைகிறது என்று பாயை இறக்கிவிட்டேன். தண்ணீரில் அந்தக் கீல் வயர் அதிர்கிற சத்தமாம், இந்தப் படகில் எல்லாருக்கும் பழக்கமானதாம்.

மிச்சிகன் ஏரியில் குளிர் இறங்கிவிட்டது, படகு இப்போது வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. வயரில் இரண்டு இழை பிய்ந்திருக்கிறது. அறுந்தால் கீல் தடாலென்று விழும். புதிது மாற்றப் போகிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகன்