வளவு நிறைய மழை, கணக்கில் 0

காரைக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள உமையாள்,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை, சாயங்காலம் கோயில் வரை நடந்து போய் வருகிறாள்.

நம் பக்கத்து ஊருணிகளுக்கு எந்த வருஷம் எவ்வளவு மழை என்று பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறை தரும் தினசரி மழைத் தரவு, கால் டிகிரிக் கட்டங்களாக இருக்கும். அட்சரேகை 6.5 முதல் 38.5 வரை 129 புள்ளி, தீர்க்கரேகை 66.5 முதல் 100 வரை 135 புள்ளி. பைனரி கோப்பில் தலைப்பு எதுவும் கிடையாது, வெறும் எண்கள்தான். 2021-ஐ நாள், அட்சரேகை, தீர்க்கரேகை என்ற வரிசையில் 365, 129, 135 என்று அடுக்க வேண்டியவள், 365, 135, 129 என்று அடுக்கிவிட்டேன். எண் அடுக்குகளைக் கையாளும் பைத்தான் நிரல்தொகுப்பான நம்பை (NumPy) வாயே திறக்கவில்லை. எண்களை அடுக்கித் தரும் அதன் ரீஷேப் (reshape) கட்டளை பார்ப்பது மொத்த எண்ணிக்கையைத்தான். எப்படி மாற்றிப் பெருக்கினாலும் விடை ஒன்றுதானே.

நம் ஊருக்குப் பக்கத்துப் புள்ளி 10 வடக்கு, 78.75 கிழக்கு. நவம்பர் மழை 0 மி.மீ. என்று வந்தது! அந்த நவம்பரில் வளவில் வைத்த அண்டா நிரம்பி வழிந்தது, நீ போன் செய்தபோது தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் நான் பேசியது உனக்குக் கேட்கவே இல்லை, நினைவிருக்கிறதா? தேடினால், வரிசை மாறியதால் நான் எடுத்தது 91.5 கிழக்கில், கடலில் இருக்கும் புள்ளி. கடலுக்கு -999, அதாவது தரவு இல்லை. இல்லாததை விட்டுவிட்டுக் கூட்டச் சொன்னதும் 0 வந்துவிட்டது. பெய்யவில்லை என்பதும் தெரியாது என்பதும் ஒன்றாகப் போனது எனக்குத் தாங்கவில்லை.

இப்போதெல்லாம் கோப்பைப் படித்த கையோடு எக்ஸ்அரே (xarray) என்ற இன்னொரு பைத்தான் தொகுப்பில் போட்டு, ஒவ்வொரு அச்சுக்கும், அதாவது அடுக்கின் ஒவ்வொரு திசைக்கும், பெயரும் மதிப்புகளும் கொடுத்துவிடுகிறேன். 135 நீள அச்சில் 129 அட்சரேகைகளைக் கட்டப் பார்த்தால் அங்கேயே பிழை சொல்லி நின்றுவிடும். ஆனால் அட்சரேகையைத் தலைகீழாகக் கொடுத்தாலும் நீளம் 129தான், நம் ஊர் என்று கேட்டால் 35 டிகிரியில் லடாக் பக்கத்து மழையைக் கொடுக்கும். அதனால் முதல் மதிப்பு 6.5தானா, கால் கால் டிகிரியாக ஏறுகிறதா என்றும் பார்க்கிறேன். அப்புறம், நன்றாகத் தெரிந்த ஓர் ஊரை எடுத்துச் சரிபார்க்கிறேன்.

உன் மைக்ரோஸ்கோப் படங்கள் 512-க்கு 512 என்றாயே, அதுதான் எனக்குக் கவலை. இரண்டு அச்சும் ஒரே நீளம், புரண்டு கிடந்தாலும் நீளத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு படத்தை 512-க்கு 300 என்று வெட்டி உன் நிரல் முழுக்க ஓட்டிப் பார். எங்கே முறைக்கிறது என்று உடனே எழுது.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? இரண்டாம் கட்டில் ஓடு மாற்றியாயிற்று, இனி ஒழுகாது.

அன்புடன்,
வள்ளி