படகுக்குப் புகையில்லை, பயணத்துக்கு உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

கயாக், கேனோ என்னும் துடுப்புப் படகுப் பயணங்களைப் புகையில்லாத பொழுதுபோக்கு என்று சொல்லிவிடுகிறோம். படகு தண்ணீரில் இறங்கிய பிறகு அது உண்மைதான். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது; டீசல் என்றால் 2.7 கிலோ. துடுப்புப் போடுவோர் அந்தக் கணக்கைக் கரைக்கு வந்துசேரும் சாலையில்தான் பார்க்க வேண்டும்.

அதிகம் வீணாவது ஆற்றுப் பயணங்களில். படகை நீரில் இறக்கும் மேல்துறைக்கும் பயணம் முடிந்து கரையேறும் கீழ்த்துறைக்கும் சாலைவழி 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல்துறையில் படகுகளை இறக்கிவிட்டு இரண்டு கார்களும் கீழ்த்துறைக்குப் போகின்றன. ஒன்றை அங்கே விட்டுவிட்டு மற்றதில் எல்லோரும் திரும்புகிறார்கள். மாலையில் கீழ்த்துறைக் கார் படகுகளோடு மறுபடி மேலே வருகிறது. ஆக 80 கி.மீ. ஓட்டம், பாதி இருக்கைகள் காலியாகவே.

ஒரே காரும் ஒரு சைக்கிளும் இருந்தால் இது 40 கி.மீ. ஆகிவிடும். லிட்டருக்கு 12 கி.மீ. தரும் காரில் ஏழரை கிலோ கரியமில வாயு மிச்சம். சைக்கிள் ஓட்டத்தைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. காரைக் கீழ்த்துறையில் நிறுத்திவிட்டு ஒருவர் சைக்கிளில் மேலே வரட்டும். ஆறு மேட்டிலிருந்துதான் இறங்குகிறது. அதனால் திரும்பும் வழி பெரும்பாலும் ஏற்றம். மாலையில், கை சோர்ந்து, ஈர உடையோடு அந்த ஏற்றத்தை மிதிப்பது கொடுமை. மற்றவர்களும் கரையில் நடுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. ஏரி என்றால் சிக்கலே இல்லை. மெதுவாக ஓடும் ஆற்றில் முதலில் எதிர்நீரில் ஏறுங்கள், களைத்தபின் நீரோட்டமே கொண்டுவந்துவிடும். கழிமுகத்தில் கடல்நீர் உள்ளே ஏறும் ஓதத்தோடு உள்ளே போய், சுமார் ஆறு மணி நேரத்தில் நீர் வற்றத் தொடங்கும்போது அதோடு வெளியே வரலாம். நேரம் தவறினால் சேற்றில் தரைதட்டும். நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓதப் பட்டியலைப் பார்க்காமல் இறங்கவே கூடாது.

காரின் கூரையில் படகு ஏற்றினால் எரிபொருள் செலவு கூடத்தான் செய்யும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 110 கி.மீ. வேகத்தை 90 ஆகக் குறைத்தால் அந்த எதிர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உட்காரும் குழியை மூடி போட்டு மூடுங்கள். படகில்லாத நாளில் கேரியரைக் கழற்றி வையுங்கள். வெறும் கம்பியும் காற்றைத் தடுக்கும். படகைக் கட்டும் பட்டையை ஒருமுறை முறுக்கிக் கட்டினால் காற்றில் அதிர்ந்து ஓலமிடாது. பிளாஸ்டிக் படகை மட்டும் வெயிலில் அளவுக்கு மீறி இறுக்கிவிடாதீர்கள், அடிப்பாகம் குழிந்துபோகும்.

ரயிலிலோ பஸ்ஸிலோ போக நினைப்பவர்களுக்குக் காற்றடைக்கும் படகு இருக்கிறது. பேக்ராஃப்ட் என்னும் சிறுவகை 2 முதல் 4 கிலோதான். நான்காகப் பிரியும் துடுப்பையும் சேர்த்து முதுகுப்பையில் அடங்கிவிடும். கரையேறியதும் மடிப்புகளைத் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும், ஒரு நீர்நிலையின் களைத்துண்டும் நத்தையும் அடுத்ததற்குப் போய்விடும். வெயிலில் வைக்கும்போது கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தையல் விட்டுவிடும்.

விமானத்தில் போகும் தூரத்துக்குச் சொந்தப் படகை இழுத்துப் போக வேண்டாம். அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். அப்படியே போனாலும் இரண்டு நாளில் திரும்பாமல், ஆண்டுக்கு ஒரே பயணமாக நீண்ட நாள் தங்கி வாருங்கள்.

இப்படிக்கு,
துடுப்புப் படகு ஆர்வலர்