‘பெரிய கேமரா’ வைத்திருப்பவனின் விண்ணப்பம்

சென்னையின் பூங்காக்களையும் பொது இடங்களையும் நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ‘புரொஃபஷனல் கேமராவுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சில வாசல்களில் அந்தப் பலகைகூடக் கிடையாது, காவலாளியின் வாய்வார்த்தைதான் சட்டம். போன மார்கழியில் ஒரு பூங்கா வாசலில் நானும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் திரும்பி வந்தேன். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் கல்யாணப் படம் எடுப்பவன். தை பிறந்தால் எனக்கு ஞாயிறு கிடையாது. முந்தின நாள் ரிசப்ஷன், மறுநாள் விடியுமுன் முகூர்த்தம், நடுவே மண்டபத்து மாடியில் ஒரு மணி நேரத் தூக்கம், கடைசிப் பந்தியில் ஆறிப்போன சாம்பார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதுதான் என் சோறு. ஆனால் முகூர்த்தங்கள் வரிசையாக வரும்போது கை தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். தாலி ஏறும்போது எங்கே நிற்பது, எந்த லென்ஸ், யாருடைய தலை மறைக்கும் என்று எல்லாம் தெரியும். கண் மட்டும் பார்ப்பதை நிறுத்தியிருக்கும். ‘இதே மாதிரி ரீல்ஸ் வேணும்ணா’ என்று மாப்பிள்ளை போனை நீட்டும்போது தலையாட்டிவிட்டு, அதே மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டு வருவேன். படம் எடுக்கும் ஆசையால் இந்தத் தொழிலுக்கு வந்தவனுக்கு அது எவ்வளவு பயமான நிலை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். யாரும் கேட்காத, யாரும் காசு கொடுக்காத படங்களை எடுப்பது. மார்கழியில் கல்யாணம் இல்லை. பனி இறங்கிய விடியலில், இருபத்து சொச்சம் டிகிரிக்கே குல்லாவும் மஃப்ளருமாக நடக்க வரும் நம் ஊர்ப் பெரியவர்களைப் படமெடுக்க எனக்குக் கொள்ளை ஆசை. அப்படிச் சில காலைகள் கிடைத்துவிட்டால், தை முகூர்த்தத்தில் நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதும், மணப்பெண்ணின் பாட்டி ஓரமாகத் திரும்பிக் கண்ணைத் துடைப்பதும் மறுபடி கண்ணில் படும். ஆல்பத்தில் அந்தப் படங்களைத்தான் வீட்டார் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் காலையில் என்னிடம் இருந்தவை ஒரு கேமரா, ஒரு லென்ஸ். முக்காலி இல்லை, விளக்கு இல்லை, மாடல் இல்லை. “சார், இது உள்ள போகக் கூடாது. போன்ல வேணா எடுத்துக்குங்க” என்றார் காவலாளி. ஒருவேளை கட்டணம் கட்டலாமா என்று கேட்டேன். சினிமா ஷூட்டிங்குக்கு உள்ள கட்டணத்தைச் சொன்னார். உத்தரவு எழுத்தில் இருக்கிறதா என்றதற்கு, “ஆபீஸ்ல கேளுங்க, பத்து மணிக்குத் திறப்பாங்க.” பத்து மணி வரை பனி காத்திருக்காது, ஐயா. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வட்ட விளக்கும் ஸ்டாண்டும் போனுமாக இரண்டு பேர் எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. ஒப்பந்தக் கூலிக்கு இரவெல்லாம் விழித்து நிற்கும் அந்தக் காவலாளி மீதும் இல்லை. என் கேமரா 24 மெகாபிக்ஸல், இன்று 200 மெகாபிக்ஸல் போன் கடையில் கிடைக்கிறது. எது ‘புரொஃபஷனல்’ என்பதை நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? எடையை வைத்தா?

என் கோரிக்கை இதுதான்: கருவியைப் பார்க்காமல், உள்ளே நடக்கும் வேலையைப் பார்த்து விதி எழுதுங்கள். ஜோடியை நிறுத்தி, விளக்கு வைத்து, நடைபாதையை மறித்து எடுத்தால் அது வியாபாரம். கட்டணம் வாங்குங்கள், நேரம் ஒதுக்குங்கள். புகைக்குண்டு வெடித்துப் புல்தரையைக் கருக்கிய எங்கள் தொழில்காரர்களும் உண்டு, அவர்களைத் தடுப்பது நியாயம். முகம் தெரியப் படமெடுப்பதை ஒருவர் விரும்பாவிட்டால் நான் விலகத்தான் வேண்டும், அந்த விதியையும் எழுதுங்கள். கையில் ஒரு கேமராவோடு தனியாக நடப்பவனை மட்டும் விட்டுவிடுங்கள்.

இது நடக்காத காரியம் அல்ல. 2018 ஜூலையில் இந்தியத் தொல்லியல் துறை அஜந்தா, லே அரண்மனை, தாஜ்மகாலின் உள் கல்லறை ஆகிய மூன்றைத் தவிரத் தன் நினைவுச்சின்னங்களில் படமெடுக்க வழிவிட்டது. தாஜ்மகால் தோட்டத்துக்குள் கொண்டுபோகக்கூடிய கேமராவை நம் பேட்டைப் பூங்காவுக்குள் கொண்டுபோக முடியாது என்றால், உள்ளே அப்படி என்னதான் ராணுவ ரகசியம் இருக்கிறது?

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. 1856-ல் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சம்பளம் கொடுத்துப் புகைப்படக்காரராக நியமித்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளப்படமாக்கினார் அவர். கொஞ்ச காலத்திலேயே வீண் செலவு என்று அந்தப் பதவியை மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை. அந்த மரபை நீங்கள் செவ்வனே காப்பாற்றி வருகிறீர்கள். ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட தினம் வந்தால் மட்டும் ‘நம் ஊரின் அழகு’ என்று எங்காவது ஒரு போட்டி அறிவிப்பு வரும். படத்தின் முழு உரிமையும் நடத்துபவர்களுக்கே என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அடுத்த ஆண்டு நாட்காட்டியில் படம் இருக்கும், எடுத்தவன் பெயர் இருக்காது. அந்த அழகை எந்த வாசல் வழியாகப் போய் எடுத்தான் என்று யாரும் கேட்பதில்லை.

மன்னிக்கவும், கோபம் எங்கோ இழுத்துப் போய்விட்டது. நாட்காட்டி விவகாரத்தை இன்னொரு மடலில் வைத்துக்கொள்கிறேன். இப்போது கேட்பது பலகையில் ஒரே ஒரு வரி: ‘முக்காலி, விளக்கு இல்லாமல் தனிநபர் படமெடுக்கத் தடையில்லை.’ அதன் நகல் ஒன்று காவலாளியின் கையிலும் இருக்கட்டும். அவரும் நானும் விடியற்காலையில் வாதாட வேண்டியிருக்காது. தை முதல் முகூர்த்தத்துக்கு இப்போதே அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். ஆகவே கார்த்திகை முடிவதற்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்யாணப் படம் எடுக்கும் ஒருவன்